ஏழு விநாடித் தாளமும் விடிய விடிய ஆட்டமும்

பாடகர் இல்லை. மேடையில் வாத்தியக் குழு இல்லை. இருட்டான ஒரு கூடத்தில், இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளுக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவருக்கு முன்னால் நூற்றுக்கணக்கானோர் விடியும்வரை ஆடுவார்கள். 1990களில் இங்கிலாந்து இளைஞர்கள் நண்பர்களோடு கிளம்பிப் போன ‘டிரம் அண்ட் பேஸ்’ இரவுகள் இப்படித்தான் இருந்தன.

வெளியிலிருந்து கேட்டவர்களுக்கு அது வெறும் இரைச்சல். ஆனால் இத்தகைய இரைச்சலை அடக்க அந்நாட்டின் நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்ற வேண்டி வந்தது! அப்படி அதில் என்னதான் இருந்தது? அதை உருவாக்கியவர்கள் யார்? அவர்களுக்கு என்ன கிடைத்தது? அப்படிப்பட்ட ஓர் இரவைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருப்பது தெரியும்.

தாளம் வந்த வழி

இந்த இசையில் டிரம் மிக வேகமாக ஓடும், நிமிடத்திற்கு 160 முதல் 180 தட்டுகள் வரை. ‘பேஸ்’ எனப்படும் கீழ்ஸ்தாயி ஒலியோ பெரும்பாலும் அதில் பாதி வேகத்தில்தான் நகரும். ஆகவே ஆடுகிறவர் தாளத்தோடு துள்ளலாம், அல்லது அடிநாதத்தோடு மெல்ல அசையலாம். ஒரே பாட்டுக்குள் இரண்டு வேகம் இருப்பதுதான் இதன் சூட்சுமம் எனலாம்.

ஆனால் இந்தத் தாளத்தின் பிறப்பிடம் இங்கிலாந்து அல்ல, அமெரிக்கா. வாஷிங்டனைச் சேர்ந்த ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற குழு 1969ஆம் ஆண்டு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதன் முதல் பக்கத்தில் இருந்த ‘கலர் ஹிம் ஃபாதர்’ என்ற பாடல் பெரும் வெற்றி பெற்று கிராமி விருதும் வாங்கியது. மறுபக்கத்தில் இருந்தது ‘ஆமென், பிரதர்’ என்ற வாத்திய இசை. அதன் நடுவில் மற்ற வாத்தியங்களெல்லாம் நின்றுவிட, டிரம் வாசிப்பவரான கிரிகரி கோல்மன் மட்டும் நான்கு ஆவர்த்தனம் தனியாக வாசித்தார். மொத்தம் ஏழு விநாடிதான்! அன்று அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

1986இல் டிஜேக்களுக்காக வந்த ஒரு தொகுப்பில் இந்த இசை மீண்டும் வெளியானது. அதே காலத்தில் ‘சாம்ப்ளர்’ என்ற கருவியும் விலை குறைந்து பலர் கைக்கு எட்டியது. எந்த ஒலியையும் பதிவு செய்து, வெட்டி, வேகம் மாற்றி, வேறு வரிசையில் அடுக்க அதனால் முடியும். முதலில் அமெரிக்க ‘ஹிப் ஹாப்’ கலைஞர்கள் கோல்மனின் தாளத்தை எடுத்தாண்டார்கள். பிறகு லண்டன் இளைஞர்கள் அதை எடுத்து வேகத்தைக் கூட்டினார்கள், ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே நறுக்கிப் புதிதாகக் கோத்தார்கள். படுக்கையறையில் ஒரு சாதாரண கணினியும் சாம்ப்ளரும் இருந்தால் போதும் என்ற நிலை வந்தது. டிரம் வாங்கக் காசில்லாதவர்கள் கையில் உலகின் மிகச் சிறந்த டிரம் வாசிப்பு ஒன்று வந்து சேர்ந்தது.

முகவரி தெரியாத கொண்டாட்டம்

1988, 1989 ஆண்டுகளில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசை இங்கிலாந்தைப் பிடித்து ஆட்டியது. லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையை ஒட்டிய வயல்களிலும் விமானக் கொட்டகைகளிலும் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். இடம் எது என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். இரவில் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்தால்தான் வழி தெரியும். போலீஸ் வருவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட வேண்டும் என்பதே காரணம். நண்பர்கள் ஒரே காரில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பொதுத் தொலைபேசிக் கூண்டுகளில் நின்று நின்று, வழி விசாரித்துக்கொண்டே போவார்கள்.

1990இல் வந்த ஒரு சட்டம், உரிமம் இல்லாமல் கேளிக்கை நடத்துவோருக்கு 20,000 பவுண்டு வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதித்தது. கொண்டாட்டத்தின் ஒரு பகுதி நகரத்துக் கிளப்புகளுக்குள் நுழைந்தது. லண்டன் ‘ஹெவன்’ கிளப்பில் நடந்த ‘ரேஜ்’ என்ற இரவில் ஃபேபியோ, குரூவ்ரைடர் என்ற இரு டிஜேக்கள் வேகமான தாளங்களைக் கலந்து வாசிக்கத் தொடங்கினார்கள். அங்கிருந்தும் அதுபோன்ற இடங்களிலிருந்தும் உருவானதே ‘ஜங்கிள்’. அதுவே பின்னர் ‘டிரம் அண்ட் பேஸ்’ என்று பெயர் பெற்றது.

இந்த இசையை வளர்த்ததில் உரிமம் இல்லாத வானொலிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1991இல் கிழக்கு லண்டனில் தொடங்கிய ‘கூல் எஃப்எம்’ அவற்றில் முக்கியமானது. ஏழைகள் வாழ்ந்த அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டுவார்கள். அதிகாரிகள் வந்து பிடுங்கிப் போவார்கள். மறுபடியும் கட்டுவார்கள். எந்த வாரம் எங்கே ஆட்டம் என்ற செய்தி அப்படித்தான் பரவியது.

ஜமைக்காவின் கொடை

இரண்டாம் உலகப் போருக்குப் பின், கரீபியத் தீவுகளிலிருந்து ஏராளமானோர் பிரிட்டனில் குடியேறினார்கள். அவர்களோடு ஜமைக்காவின் ‘சவுண்ட் சிஸ்டம்’ பழக்கமும் வந்தது. ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கி, நெஞ்சுக்கூட்டில் அதிரும்படி இசை ஒலிக்கச் செய்வதும், ஒருவர் மைக் பிடித்துக் கூட்டத்தை உசுப்பேற்றுவதும் அங்கிருந்து வந்தவையே. பாட்டு பிடித்துப்போய்க் கூட்டம் ஆர்ப்பரித்தால் டிஜே தட்டை நிறுத்தி, பின்னுக்குச் சுழற்றி, முதலிலிருந்து போடுவார். ‘ரீவைண்ட்’ என்ற இந்த வழக்கமும் ஜமைக்காவின் கொடைதான்.

‘டப்பிளேட்’ என்பதும் அப்படியே. கடைக்கு வராத புதுப் பாடலை ஒரே ஒரு தட்டில் வெட்டி எடுத்து வந்து டிஜே போடுவார். அந்தத் தட்டின் மேல்பூச்சு மென்மையானது. ஒலிக்க ஒலிக்கத் தேய்ந்துவிடும். ஆகவே அந்தப் பாட்டைக் கேட்க வேண்டுமானால் அந்த இரவு அந்த இடத்துக்குப் போயே ஆகவேண்டும். நண்பர்கள் வாராவாரம் கிளம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாளத்துக்கு எதிராக ஒரு சட்டம்

1992 மே மாதம் மால்வெர்ன் மலைகளுக்கு அருகிலுள்ள காசில்மார்ட்டன் பொதுநிலத்தில், அனுமதியில்லாத விழா ஒன்று ஏறக்குறைய ஒரு வாரம் நடந்தது. 20,000க்கும் மேற்பட்டோர் கூடியதாக மதிப்பிடப்படுகிறது. அங்கே ஒலித்தது பெரும்பாலும் வேறு வகை நடன இசைதான். இரவு பகலாக அது முழங்க, சுற்றியிருந்த கிராமத்தினர் தூக்கம் இழந்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ‘ஸ்பைரல் டிரைப்’ குழுவைச் சேர்ந்த 13 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அரசுக்கு ஏறத்தாழ 40 லட்சம் பவுண்டு செலவான அந்த வழக்கில் அனைவரும் விடுதலையானார்கள்.

அதே 1994இல் ‘குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம்’ நிறைவேறியது. திறந்த வெளியில் 100 பேருக்கு மேல் கூடி, இரவில் ஊராருக்குக் கடும் தொல்லை தரும் வகையில் இசை ஒலித்தால் கலைக்கலாம் என்றது சட்டம். அந்த இசை என்ற சொல்லுக்குள், திரும்பத் திரும்ப வரும் தாளத் தட்டுகளையே முதன்மையாகக் கொண்ட ஒலிகளும் அடங்கும் என்று அது விளக்கமும் தந்தது! ஐந்து மைல் தூரத்திலேயே வண்டியை நிறுத்தித் திருப்பி அனுப்பும் அதிகாரமும் போலீசுக்குக் கிடைத்தது. இதைக் கேலி செய்து ‘ஆட்டெக்கர்’ என்ற இரட்டையர் ஒரு தட்டு வெளியிட்டார்கள். அதிலிருந்த ஓர் இசையில் எந்த ஆவர்த்தனமும் மறுபடி வராது! 2003இல் 100 பேர் என்ற வரம்பு 20 ஆகக் குறைக்கப்பட்டது.

கிளப்புகளும் பரிசுகளும்

வயல்வெளி அடைபட்டது, கிளப்புகள் நிரம்பின. 1995 முதல் லண்டன் ஹாக்ஸ்டன் சதுக்கத்தின் ‘புளூ நோட்’ கிளப்பில் ஞாயிறுதோறும் ‘மெட்டல்ஹெட்ஸ்’ இரவுகள் நடந்தன. அதை முன்னின்று நடத்தியவர் கோல்டி. காப்பகங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் வளர்ந்தவர் அவர். 1995இல் வந்த அவருடைய ‘டைம்லெஸ்’ தொகுப்பின் தலைப்புப் பாடல் 21 நிமிடம் ஓடும். அதே கிளப்பில் திங்கட்கிழமைகளில் தபேலாவையும் டிரம் அண்ட் பேஸையும் இணைத்தார் லண்டனில் பிறந்த தல்வின் சிங். பிரிஸ்டல் நகரின் ரோனி சைஸ் குழு 1997இலும், தல்வின் சிங் 1999இலும் பிரிட்டனின் மெர்க்குரி பரிசை வென்றார்கள். 2016இல் கோல்டிக்கு அரசு ‘எம்பிஇ’ பட்டமே வழங்கியது.

ஆனால் சந்தேகம் தீரவில்லை. லண்டன் போலீஸ் 2005இல் கொண்டுவந்த ‘படிவம் 696’, நிகழ்ச்சிக்கு எந்த இனத்தவர் வருவார்கள் என்றுகூடத் தொடக்கத்தில் கேட்டது. 2017இல்தான் அந்தப் படிவம் கைவிடப்பட்டது. 1999இல் திறக்கப்பட்டு வெள்ளிக்கிழமைகளில் டிரம் அண்ட் பேஸ் ஒலித்த ‘ஃபேப்ரிக்’ கிளப், 2016இல் போதைப்பொருளால் 18 வயது இளைஞர்கள் இருவர் இறந்தபின் உரிமத்தை இழந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டுப் போராடினார்கள். கடுமையான நிபந்தனைகளோடு 2017 ஜனவரியில் அது மீண்டும் திறந்தது. நண்பர்களோடு கிளம்பிய இருவர் திரும்பி வரவில்லை என்பதையும் இந்த வரலாறு மறைக்கக் கூடாது.

கோல்மனுக்குக் கிடைத்தது

இனி அந்த ஏழு விநாடிக்கு வருவோம். வின்ஸ்டன்ஸ் குழுத் தலைவரும் இசையின் உரிமையாளருமான ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு இந்தச் செய்தியே 1996இல்தான் தெரிந்தது. அதற்குள் வழக்குப் போடும் காலக்கெடு கடந்துவிட்டது. ஆயிரக்கணக்கான பாடல்களில் அந்தத் தாளம் பயன்பட்டும் ஒரு காசுகூட ராயல்டி வரவில்லை. 2015இல் பிரிட்டிஷ் டிஜேக்கள் இருவர் ரசிகர்களிடம் நிதி திரட்டி 24,000 பவுண்டை ஸ்பென்சருக்கு அனுப்பினார்கள். 2020இல் அவர் மறைந்தார்.

இளைஞர்கள் வேண்டுமென்றே ஒருவரை ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களில் பலருக்கு வானொலி, அரங்கு, வாத்தியம் எதுவும் சொந்தமில்லை. கிடைத்ததை எடுத்து ஒரு புதிய கலையையே படைத்தார்கள். சிலருக்குப் புகழும் பணமும் வந்தன. அந்தத் தாளத்தை வாசித்த கைகளுக்கு மட்டும் எதுவும் போய்ச் சேரவில்லை.

கிரிகரி கோல்மன் 2006இல் அட்லாண்டா நகரில் வீடின்றி, வறுமையில் இறந்தார். தன் தாளத்துக்குக் கடல் கடந்து ஒரு தலைமுறையே ஆடியது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றார் ஸ்பென்சர். ரசிகர்கள் திரட்டிய பணம் வந்தபோது கோல்மன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.