தூண்டிலும் வலையும் இடம் மாறிய கதை: யெல்லோஸ்டோன் பூங்காவின் டிரவுட் மீன்பிடி வரலாறு

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வேட்டையை அடியோடு தடை செய்யும் சட்டம் 1894 மே மாதம் நிறைவேறியது. காட்டெருமையைச் சுட்டவனைக் கையும் களவுமாகப் பிடித்தாலும் பூங்காவை விட்டு வெளியேற்றுவதைத் தவிர வேறு தண்டனை கொடுக்க முடியாதிருந்த நிலை அத்துடன் முடிந்தது. அதே சட்டம் மீனுக்கு மட்டும் தனி நீதி வைத்தது. வலை, பொறி, மருந்து, வெடி எதைக் கொண்டும் மீன் பிடிக்கக் கூடாது. தூண்டில் போட்டுப் பிடிக்கலாம் என்றது. கரடியும் கடமானும் காக்கப்பட வேண்டியவை, மீனோ பிடித்து உண்ணத் தக்கது என்ற பாகுபாடு அன்றே எழுத்தில் ஏறிவிட்டது.

இன்று பூங்காவின் பெரிய ஏரியில் அரசே செவுள்வலை விரித்து ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மீன்களைக் கொல்கிறது. சில ஓடைகளில் அரசே மருந்து கலக்கிறது. தூண்டிலோடு வருகிறவரோ, தான் பிடித்த மண்ணின் மீனை உயிரோடு நீரில் விட்டாக வேண்டும். நூற்றாண்டுக்குள் தூண்டிலும் வலையும் இப்படி இடம் மாறியதை, அறியாமையிலிருந்து அறிவுக்கு நடந்த பயணமாகச் சொல்வது வழக்கம். சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. அந்த நீர்நிலைகளைப் பற்றிய அடிப்படை அறிவு 1889-இலேயே கைவசம் இருந்தது. அந்த அறிவை எதற்குப் பயன்படுத்துவது என்ற நோக்கமே பின்னாளில் மாறியது.

மீன் ஏறாத அருவிகள்

1872-இல் பூங்கா அமைந்தபோது அதன் நீர்நிலைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் மீனே இல்லை. பனியூழி முடிந்து பனிப்பாளங்கள் உருகிய பிறகு, கீழ்நிலத்து ஆறுகளிலிருந்து மீன்கள் மெல்ல மெல்ல மேலேறி வந்தன. எரிமலைக் குழம்பு இறுகி உருவான மேட்டுநிலத்தின் விளிம்பில் ஆறுகள் அருவிகளாக விழுகின்றன. ஃபயர்ஹோல், கிப்பன், கார்ட்னர் ஆறுகளின் மேற்பகுதிகள் இந்த அருவிகளுக்குப் பின்னே இருந்ததால் மீன் அங்கே எட்டவில்லை.

யெல்லோஸ்டோன் ஏரி மட்டும் இதற்கு விலக்கு. ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு 94 மீட்டர் உயரத்திலிருந்து அருவியாகக் கொட்டுகிறது. எந்த மீனும் ஏற முடியாத உயரம் அது. ஆயினும் ஏரி முழுக்கக் கட்த்ரோட் டிரவுட் நிறைந்திருந்தது. தாடைக்கடியில் கத்தியால் கீறியது போலச் சிவந்த கோடு ஓடும் மீன் இது. இதன் உறவினங்கள் பசிபிக் பக்கத்து ஆறுகளுக்கு உரியவை. ஏரியோ அட்லாண்டிக் பக்கம் வடிவது. இந்தப் புதிருக்கான விடை பூங்காவின் தென் எல்லைக்கு அப்பால், இரு பெருங்கடல் கணவாய் என்னும் இடத்தில் கிடைத்தது. மலைமுகட்டில் உள்ள அந்த ஈரப் புல்வெளியில் ஒரே ஓடை இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை பசிபிக்கை நோக்கியும் மறு கிளை அட்லாண்டிக்கை நோக்கியும் ஓடுகிறது. மீன் அந்த வழியாகக் கண்டத்தின் முதுகைக் கடந்து வந்திருக்க முடியும் என்பதை 1891-இல் பார்ட்டன் எவர்மன் நேரில் சென்று உறுதிப்படுத்தினார். மீனியல் வரலாற்றில் எனக்கு இதைவிட வியப்பூட்டும் செய்தி வேறில்லை.

பூங்காவுக்கு முன்பே அங்கு வாழ்ந்த ஷோஷோனி மக்களின் ஒரு பிரிவான டுகுடிகாவினர் போன்றோருக்குப் பூங்கா நிர்வாகம் இடம் வைக்கவில்லை. நீர்நிலைகளைப் பற்றிய முடிவுகளை முதலில் படைவீரர்களும், பின்னர் அரசு அறிவியலாளர்களும் எடுத்தனர்.

1889: அறிவின் பேரில் நடந்த விதைப்பு

1886 முதல் பூங்காவை நடத்திவந்தது ராணுவம். 1889-இல் பொறுப்பிலிருந்த கேப்டன் ஃபிரேசியர் பூட்டெல், இத்தனை அழகிய ஓடைகள் மீனின்றிக் கிடக்கின்றனவே என்று வருந்தினார். விடுதியிலும் கூடாரத்திலும் தங்கும் பயணி பக்கத்து ஓடையிலேயே மீன் பிடிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மார்ஷல் மெக்டொனால்டின் தலைமையில் இயங்கிய கூட்டரசு மீன்வள ஆணையம் அதை ஏற்றது.

அதே ஆண்டு ஆணையத்தின் சார்பில் டேவிட் ஸ்டார் ஜோர்டன் பூங்காவின் ஆறுகளை ஆராய்ந்தார். பின்னாளில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான அவர் அக்காலத்தின் தலைசிறந்த மீனியலாளர். வெந்நீர் ஊற்றுகள் கலப்பதால்தான் இந்த ஆறுகளில் மீன் இல்லை என்ற ஊகத்தை அவர் ஏற்கவில்லை. அருவிகளே தடை என்று காட்டி, எங்கு மீன் உண்டு, எங்கு இல்லை, ஏன் இல்லை என்று ஆறு ஆறாகப் பதிவு செய்தார். 1891-இல் வெளியான அந்த அறிக்கையை இன்றைய பாதுகாப்பாளர்களும் மூலச் சான்றாகக் கொள்கிறார்கள். ஆனால் அது எழுதப்பட்டது எங்கெங்கு மீன் விடலாம் என்று தெரிந்துகொள்வதற்காக. மீனற்ற ஓடை தனக்கென ஓர் உயிரினத் தொகுதியைக் கொண்டது, அங்கே மீனை விட்டால் அது குலையும் என்ற எண்ணம் அன்று யாருக்கும் உறுத்தவில்லை. காலியாகக் கிடக்கும் வயலைக் கண்ட உழவரின் கண்ணோடு அவர்கள் ஆற்றைப் பார்த்தார்கள்.

1889-இலேயே கார்ட்னர் ஆற்றின் மேற்பகுதியில் ஓடை டிரவுட்டும், கிப்பன் ஆற்றில் ரெயின்போ டிரவுட்டும், ஃபயர்ஹோல் ஆற்றில் ஸ்காட்லாந்து வழிவந்த பழுப்பு டிரவுட்டும் விடப்பட்டன. 1890-இல் மிச்சிகன் ஏரியிலிருந்து கொண்டுவந்த ஏரி டிரவுட்டை லூயிஸ், ஷோஷோனி ஏரிகளில் விட்டார்கள். நூறாண்டுக்குப் பின் நேர்ந்த பெருங்கேட்டின் விதை இந்தக் கடைசிச் செயலில் இருந்தது.

இது யெல்லோஸ்டோனுக்கு மட்டும் வந்த ஆசையன்று. ஆங்கிலேயர்கள் இலங்கையின் நுவரெலியா மலைநாட்டிலும் நம் நீலகிரியின் அவலாஞ்சி ஓடைகளிலும் டிரவுட் வளர்க்கப் பாடுபட்டதும் ஏறத்தாழ இதே காலம்தான். அங்கெல்லாம் பெரிதும் தோட்டத்துரைகளும் தூண்டிற்சங்கத்தாரும் முன்னின்றார்கள். யெல்லோஸ்டோனில் அரசின் அறிவியல் துறையே முன்னின்றது.

முட்டைக் களஞ்சியம்

யெல்லோஸ்டோன் ஏரியின் மீனுக்கு நேர்ந்தது வேறு கதை. கோடைத் தொடக்கத்தில் கட்த்ரோட் முட்டையிட ஏரியிலிருந்து ஓடைகளுக்குள் ஏறும். அந்த ஓடைகளைத் தடுப்பிட்டு மறித்து, சினைமீன்களைப் பிடித்து, வயிற்றைப் பிதுக்கி முட்டை எடுத்தார்கள். ஏரிக்கரையில் குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. 1899 முதல் 1950-களின் பிற்பகுதிவரை 80 கோடிக்கும் அதிகமான முட்டைகள் இந்தப் பூங்காவிலிருந்து வெளியே சென்றன. நாட்டின் பல மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் அவை போயின. காட்டு டிரவுட் முட்டைக்கு இந்தப் பூங்கா ஒரு பெருங்களஞ்சியமாக இருந்தது.

இழப்பு இரண்டு வகைப்பட்டது. ஒவ்வோர் ஓடைக்கும் உரிய மீன்கூட்டம் தனித்தனியானது. பிறந்த ஓடைக்கே திரும்பி வந்து முட்டையிடும் இயல்புடையது. பல ஓடைகளின் முட்டைகளைக் கலந்து, பொரித்த குஞ்சுகளை நினைத்த இடத்தில் விட்டபோது அந்தத் தனித்தன்மை தேய்ந்தது. வெளியே போன குஞ்சுகள் பிற மேற்கு மாநில ஆறுகளில் அங்கத்திய கட்த்ரோட் வகைகளோடு கலந்தன.

மீனைப் பயிராகப் பார்த்தபின், அதைத் தின்னும் உயிர்கள் களைகளாகத் தெரிவது இயல்பு. 1920-களில் ஏரியின் மோலி தீவுகளில் கூடுகட்டும் வெள்ளைக் கூழைக்கடாக்களின் முட்டைகளைப் பூங்காப் பணியாளர்களே அழித்தார்கள். தேசியப் பூங்காவுக்குள், காக்க வேண்டியவர்கள் கையால் நடந்த இந்தச் செயலை மீன்பிடி வரலாற்றின் ஓரத்தில் ஒதுக்கிவைக்க முடியாது. தூண்டில்காரனின் கூடை நிரம்ப வேண்டும் என்ற ஒரே அளவுகோல் எவ்வளவு தூரம் இட்டுச்செல்லும் என்பதற்கு அதுவே சான்று.

1936-இல் தேசியப் பூங்காச் சேவை, உள்நாட்டு மீன் மட்டும் வாழும் நீரில் வெளிமீனை விடக் கூடாது என்று கொள்கை வகுத்தது. காகிதத்தில் அது பெரிய திருப்பம். நீரில் அதன் விளைவு மெதுவாகவே தெரிந்தது. முட்டை எடுப்பு மேலும் இருபதாண்டு தொடர்ந்தது.

பெரிய மீனை விடு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்கள் பெருகின. ஏரியின் வாயிலில் ஆற்றைக் கடக்கும் மீன்பிடிப் பாலத்தில் தோளோடு தோள் உரசத் தூண்டில் போட்டார்கள். 1960-களில் ஏரியின் கட்த்ரோட் எண்ணிக்கை சரிந்தது தெளிவாகியது. நாளொன்றுக்கு இத்தனை மீன் என்ற வரம்பை மட்டும் குறைத்துப் பயனில்லை. வருவோர் தொகை ஏறிக்கொண்டே போனது.

1963-இல் வெளியான லியோபோல்டு அறிக்கை, பூங்காக்களைப் பழைய இயற்கை நிலைக்கு இயன்றவரை மீட்க வேண்டும் என்றது. அது பெரிதும் பாலூட்டிகளை முன்வைத்துப் பேசிய அறிக்கை. அதன் தாக்கம் மீனையும் எட்டியது. 1970-இல் ஏரியில் 14 அங்குலத்துக்குக் குறைந்த மீனை வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி வந்தது. குஞ்சைக் காப்பது நல்லதுதானே என்று தோன்றும். விளைவோ பிடிப்பு முழுவதும் பெரிய மீன்மேல் விழுந்தது. முட்டையிடும் மூத்த மீன்களே குறைந்தன. ஆகவே 1975-இல் விதி தலைகீழாக்கப்பட்டது: 13 அங்குலத்துக்கு மேற்பட்டதை நீரில் விட வேண்டும், சிறியதில் இரண்டு மட்டும் கொள்ளலாம். இதற்கிடையே 1973-இல் மீன்பிடிப் பாலத்தில் தூண்டில் போடுவது தடை செய்யப்பட்டது. யெல்லோஸ்டோன் ஆற்றின் பெரும்பகுதி, பிடித்து விடும் நீராயிற்று. சில ஆண்டுகளில் வயது முதிர்ந்த மீன்கள் மீண்டும் ஓடைகளில் ஏறின. பொரிப்பகம் ஏதுமின்றி, ஒரு குஞ்சும் விடாமல் கிடைத்த மீட்சி இது.

பிடித்து விட்ட மீன் உண்மையில் பிழைக்கிறதா? 1980-களில் யெல்லோஸ்டோன் ஆற்றில் நடந்த ஆய்வு, ஒரே கோடையில் ஒரு கட்த்ரோட் சராசரியாக 9-க்கும் மேற்பட்ட முறை தூண்டிலில் சிக்கியதைக் காட்டியது. ஒருமுறை பிடித்து விடுவதால் சாகும் வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் வெகுவாகக் குறைவு. மீனுக்கு இதனால் துன்பமில்லை என்று இந்த எண் சொல்லவில்லை. ஒரு மீன்கூட்டம் ஆயிரக்கணக்கான மனிதர்களுக்கு மகிழ்ச்சி தந்தும் அழியாமல் நிற்க முடியும் என்று மட்டுமே சொல்கிறது. 2001 முதல் பூங்கா எங்கும் உள்நாட்டு மீன்களை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம்.

1994: ஆழத்தில் கிடந்த பகை

1994 கோடையில் யெல்லோஸ்டோன் ஏரியில் ஏரி டிரவுட் ஒன்று தூண்டிலில் சிக்கியது. 1890-இல் விடப்பட்ட லூயிஸ் ஏரி மீன்களின் வழித்தோன்றல்களை யாரோ இங்கே கடத்தி விட்டிருந்தார்கள். மீனின் செவிக்கல்லில் படியும் வேதித்தடங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் மூலத்தை அறிந்தார்கள்.

வளர்ந்த ஏரி டிரவுட் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 40 கட்த்ரோட்களைத் தின்னும் என்பது கணக்கு. அதைவிடப் பெரிய கேடு அதன் வாழ்முறையில் இருக்கிறது. கட்த்ரோட் மேல்மட்ட நீரில் திரிந்து, ஆழமற்ற ஓடைகளில் ஏறி முட்டையிடும். கரடி, நீர்நாய், விராலடிப்பான், கழுகு எல்லாம் அதை நம்பியிருந்தன. ஏரி டிரவுட் ஆழத்திலேயே கிடந்து ஆழத்திலேயே முட்டையிடும். எந்தக் கரடிக்கும் எட்டாது. ஏரியில் கலக்கும் கிளியர் ஓடையில் 1978-இல் ஏறிய கட்த்ரோட் ஏறத்தாழ 70,000. 2007-இல் சில நூறு. கரடிகள் ஓடைக்கரையை விட்டுக் கடமான் கன்றுகளை நாடியதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். கூழைக்கடாவைக் களையாக எண்ணிய காலத்தில் இந்தப் பிணைப்பு யாருடைய கணக்கிலும் இல்லை.

பூங்கா வலையை எடுத்தது. 2009-க்குப் பின் தொழில்முறை வலைகாரர்களின் படகுகள் சேர்ந்தன. ஆண்டுச் செலவு ஏறத்தாழ 20 லட்சம் டாலர். இதுவரை 40 லட்சத்துக்கும் அதிகமான ஏரி டிரவுட் கொல்லப்பட்டுள்ளன. முட்டையிடும் பாறைப்படுகைகளில் செத்த மீனையும் தாவரப் புரத உருண்டைகளையும் கொட்டி, அவை அழுகும்போது ஆக்சிஜன் குறைவதால் முட்டைகள் மடியச் செய்கிறார்கள். 2012-க்குப் பின் ஏரி டிரவுட் தொகை குறையத் தொடங்கி, கட்த்ரோட் ஓரளவு மீள்கிறது. வலையை நிறுத்தினால் நிலைமை மறுபடி திரும்பிவிடும் என்பதால் இதற்கு முடிவு நாள் குறிக்க இயலவில்லை.

தூண்டில்காரரின் கடமை இதனால் இரண்டாகப் பிரிந்தது. ஏரியில் அவர் கட்த்ரோட்டை விட வேண்டும், ஏரி டிரவுட்டைக் கொல்ல வேண்டும். லாமார் ஆற்றில் ரெயின்போவையும் ஓடை டிரவுட்டையும் கொல்ல வேண்டும், ஏனெனில் ரெயின்போ கட்த்ரோட்டோடு கலந்து இனத்தைக் கெடுக்கிறது. அதன் துணையான சோடா பட் ஓடையில் ஓடை டிரவுட்டை ஒழிக்க 2015-இல் ரோட்டினோன் என்னும் மருந்தே கலக்கப்பட்டது.

மேற்கே, ஃபயர்ஹோல், மேடிசன் ஆறுகளில் விதி வேறு. அங்கே பழுப்பு டிரவுட்டையும் ரெயின்போவையும் விட்டுவிட வேண்டும். இப்போதைய விதிமுறைகளில் அது காட்டு டிரவுட் மேம்பாட்டுப் பகுதி. பண்ணையிலிருந்து வந்தவையின் வழித்தோன்றல்கள்தாம் என்றாலும், நூற்றாண்டுக்கு மேலாகத் தாமே முட்டையிட்டு, தாமே பெருகி வாழ்பவை அவை. ஒரே வகை மீனை ஓர் ஆற்றில் காப்பதும் மற்றோர் ஆற்றில் கொல்வதும் முரண்பாடு என்று சிலர் குறை கூறுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபயர்ஹோல் அருவிக்கு மேலே விடப்பட்ட மீன் அங்கே எந்த உள்நாட்டு மீனையும் விரட்டவில்லை. லாமாரில் ரெயின்போ விரட்டுகிறது. எங்கே தடை இருந்தது, எங்கே இல்லை என்று ஜோர்டன் அன்று குறித்துவைத்த அதே கோடுகளின்படியே இந்த விதிகளும் பெரிதும் பிரிந்து நிற்கின்றன.