பழைய கணினியில் விண்டோஸுடன் லினக்ஸ்: கோப்புகள் அழியாமல் நிறுவுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. அதற்காகக் கணினியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தையும் அதிலேயே நிறுவலாம்.

முதலில் குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பள்ளிக் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வன்தட்டில் நகல் எடுத்துவிடுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் நீக்குங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்துங்கள். வன்தட்டில் குறைந்தது 20 ஜிபி, முடிந்தால் 100 ஜிபி காலி இடம் வேண்டும்.

ரூஃபஸ் செயலி மூலம் 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றுங்கள். பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். அதன் வழியாகக் கணினியைத் தொடங்கி, வைஃபை, ஒலி ஆகியவை வேலை செய்கின்றனவா என்று நிறுவுவதற்கு முன்பே சோதிக்கலாம்.

நிறுவும்போது விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் தேர்வையே அழுத்துங்கள். வன்தட்டை அழித்து நிறுவும் தேர்வை அழுத்தினால் விண்டோஸும் கோப்புகளும் போய்விடும்.

இனி கணினியைத் திறக்கும்போது எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும். வங்கி, இணைய வேலைகளுக்கு மின்ட்டைப் பயன்படுத்துங்கள். பழைய மென்பொருள்களுக்கு மட்டும் விண்டோஸ் போதும்.