முரளியின் முழங்கை: ஒரு கண்டிக் கதை

2002 ஜனவரி 4. அஸ்கிரிய மைதானம். சிம்பாப்வே அணியின் ஒன்பது விக்கெட்டையும் ஒரே ஆள் எடுத்திருந்தார். 51 ஓட்டங்களுக்கு 9. இன்னும் ஒன்று கிடைத்தால் ஜிம் லேக்கர், அனில் கும்ப்ளே வரிசையில் மூன்றாவது பெயராகக் கண்டிக்காரர் ஒருவரின் பெயர் வந்திருக்கும். ஷோர்ட் லெக்கில் ரஸல் ஆர்னல்ட் கைக்கு ஒரு கேட்ச் வந்தது, நழுவியது. அடுத்து மறுமுனையில் சமிந்த வாஸ் போட்ட பந்து ஒலொங்காவின் மட்டையில் பட்டு சங்கக்காரவின் கையுறைக்குள் போனது. அப்பீல் அரைமனதாகத்தான் வந்தது. என்ன செய்ய, அவுட் என்றால் அவுட்தானே.

இந்த ஒன்பது விக்கெட் கதையைக் கண்டியில் எல்லோரும் சொல்வாங்க. ஆனால் முத்தையா முரளிதரன் அந்த மைதானத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்ற கதையை நம்ம ஆட்கள் கொஞ்சம் வசதியாக மாற்றிச் சொல்லுவது வழக்கம். "லயத்துல பிறந்து உலகத்தையே ஜெயிச்ச பிள்ளை" என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது சரியில்லை.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய 1920இல் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் முரளியின் தாத்தா, பெரியசாமி சின்னசாமி. பிற்காலத்தில் அவர் இந்தியாவுக்கே திரும்பிவிட்டார். மகன் முத்தையா இங்கேயே தங்கி, கண்டிப் பக்கம் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1972 ஏப்ரல் 17இல் பிறந்த முரளி அந்த வீட்டின் மூத்த பிள்ளை. நான்கும் ஆண் பிள்ளைகள். ஆக, லயத்துக்கும் முரளிக்கும் நடுவே ஒரு முழுத் தலைமுறையும் ஒரு தொழிற்சாலையும் இருக்கு. இதைச் சொல்வது அவருடைய சாதனையைக் குறைக்க இல்லை. லயத்திலிருந்து நேராக டெஸ்ட் அணிக்குப் போகும் பாதை ஒன்று இருப்பதுபோல நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

வசதி வந்ததால் பாதுகாப்பும் வந்துவிடவில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று தேயிலைப் பெட்டி பிரிப்பதுபோலப் பிரித்தது. 1977 கலவரத்தில் முத்தையா குடும்பமும் தாக்குதலுக்கு உள்ளானது. அப்போது முரளிக்கு ஐந்து வயது.

ஒன்பது வயதில் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்திய பள்ளிக்கூடம். அங்கே அவர் முதலில் மிதவேகப் பந்து வீச்சாளர். 14 வயதில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ "ஸ்பின் போட்டுப் பார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நடந்ததுதான் மீதிக் கதை. 1990/91 பருவத்தில் பாட்டா நிறுவனத்தின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் விருது. அதன் பிறகு கொழும்பு தமிழ் யூனியன் கழகம். 1991இல் இலங்கை 'ஏ' அணியோடு இங்கிலாந்து போய் ஐந்து ஆட்டம் ஆடி ஒரு விக்கெட் கூட எடுக்காமல் வந்தார். இதை எங்கேயும் பெரிதாகச் சொல்ல மாட்டாங்க. 1992 ஆகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகக் கெத்தாராமவில் முதல் டெஸ்ட். முதல் விக்கெட் கிரேக் மெக்டர்மட்.

இனி அந்தக் கைக்கு வருவோம்.

முரளியின் வலது முழங்கை பிறப்பிலேயே முழுசாக நீளாது. நாம கையை நீட்டினால் கம்பு மாதிரி நேராகும், அவருக்கு ஒரு வளைவு இருந்துகொண்டே இருக்கும். கிரிக்கெட் விதி வளைந்த கையைத் தடுக்கவில்லை. வளைந்த கை பந்து விடும்போது நிமிர்வதைத்தான் தடுக்கிறது. இந்த வித்தியாசம் புரியாமல் 15 வருசம் உலகமே சண்டை போட்டது. அவருடைய மணிக்கட்டும் தோளும் சுழலும் வேகத்தில், நிமிராத கை கூட நிமிர்வதுபோல் கண்ணுக்குத் தெரியும்.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். நடுவர் டெரல் ஹெயார் மூன்று ஓவருக்குள் ஏழு தடவை நோ-பால் சொன்னார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க பந்து வீசும் முனையை மாற்றினார். அங்கே நின்ற ஸ்டீவ் டன் எதுவும் சொல்லவில்லை. அதே நாள், அதே கை, ஒரு முனையில் குற்றம், மறுமுனையில் குற்றமில்லை! சில நாட்களில் பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் நோ-பால் சொன்னார். முரளி லெக் பிரேக் போட்டும் பார்த்தார். கையை வளைத்து எறிவதற்கு வழியே இல்லாத அந்தப் பந்துக்கும் நோ-பால். அங்கே நடுவர் பார்த்தது கையையா ஆளையா என்று நமக்குச் சந்தேகம் வருவதில் தப்பில்லை.

1996இல் மேற்கு அவுஸ்திரேலியா, ஹொங்கொங் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்குப் பிறகு சர்வதேச கிரிக்கெட் சபை அவரை அனுமதித்தது. அந்த மார்ச்சில் லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை எடுத்தது. இருந்தும் 1999 ஜனவரியில் அடிலெய்டில் அதே எமர்சன், மறுபடியும் நோ-பால். ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போய் நின்றார். ஆட்டம் மீண்டும் தொடங்கி, இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. ரணதுங்கவின் அரசியலில் நமக்கு ஆயிரம் கேள்வி இருக்கலாம். ஆனால் யுத்தம் உச்சத்தில் இருந்த காலத்தில், ஒரு சிங்களத் தலைவர் ஒரு தமிழ்ப் பையனுக்காக விரலை நீட்டிச் சண்டை போட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்கு முந்திய வருசம் ஓவலில் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட். இங்கிலாந்து மண்ணில் இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி.

பிறகு தூஸ்ரா வந்தது. 2004இல் அளந்தபோது அந்தப் பந்துக்குக் கை 14 பாகை அளவு நிமிர்ந்தது. சுழற்பந்து வீச்சாளருக்கு அப்போது அனுமதி 5 பாகை, வேகப்பந்துக்கு 10. தூஸ்ரா போடக்கூடாது என்றார்கள். அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவர்ட் வரை வந்து அவர் பந்தை எறிகிறார் என்று கருத்துச் சொன்னார். முரளி அந்த வருச அவுஸ்திரேலியப் பயணத்துக்குப் போகவில்லை. முழங்கை அசையாதபடி கையில் உலோகப் பட்டை கட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக் கமராவுக்கு முன்னால் தன் பந்துகள் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினார். உலகத்தில் வேறெந்தப் பந்து வீச்சாளருக்கும் இந்த வேலை வரவில்லை. அதன் பிறகு மற்றவர்களையும் அதிவேகக் கமராவில் அளந்தபோதுதான் தெரிந்தது: சுத்தமான கை என்று பெயர் எடுத்தவர்களுக்கும் கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்று விதி மாறியது. "முரளிக்காக விதியை மாற்றினாங்க" என்று இன்றும் சொல்வோர் உண்டு. விதி மாறியிருக்காவிட்டால் பாதி உலகமே வீட்டுக்குப் போயிருக்கும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

2007 டிசம்பர் 3, மறுபடியும் அஸ்கிரிய. போல் கொலிங்வூட் போல்ட். 709ஆவது விக்கெட், ஷேன் வார்னைத் தாண்டியாயிற்று. அஸ்கிரியவில் நடந்த கடைசி டெஸ்டும் அதுதான். 2010 ஜூலை 22இல் காலியில் பிரக்யான் ஓஜா கொடுத்த கேட்ச் மஹேலவின் கையில் விழ, 800. மொத்தம் 133 டெஸ்ட். ஒருநாள் போட்டிகளில் 534 விக்கெட் தனிக் கணக்கு.

இவ்வளவு இருந்தும் முரளி என்றதும் நம்ம கூட்டத்தில் வாக்குவாதம் வந்துவிடும். யுத்தம் முடிந்ததைப் பற்றியும், 2019 தேர்தல் காலத்திலும் அவர் பேசியது பலரைக் காயப்படுத்தியது. 2020இல் '800' படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகினார். கடைசியில் மதுர் மிட்டல் நடிக்க, 2023இல் படம் வந்தது. வடக்கில் பிள்ளையை இழந்த ஒரு தாய்க்கு அவர் பேச்சு எப்படிப் பட்டிருக்கும் என்பதை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் 1977ஐ ஐந்து வயதில் பார்த்த ஒரு மலையகத்துக் குடும்பம், சத்தம் போடாமல் வாழ்வதையே பிழைக்கும் வழியாகக் கற்றுக்கொண்டிருக்கும் என்பதும் உண்மை. அவர் பேச்சை ஏற்காமலே அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கலாம் இல்லையா?

எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி வேறு. தோட்டத்துப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சமமான மைதானமே இல்லை. பிள்ளைகள் சரிவில் டென்னிஸ் பந்தில் ஆடுறாங்க, பந்து தேயிலைக்குள் போனால் ஆட்டம் நிற்கும். தோல் பந்து, மட்டை, பேட், பயணச்செலவு எல்லாம் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும். தேசிய அணிக்கான வழி நகரத்துப் பெரிய பாடசாலைகள் ஊடாகத்தான் போகிறது. முரளிக்கு அந்தக் கதவைத் திறந்தது அவர் விரல் மட்டுமில்லை, அப்பாவின் பிஸ்கட்டும்தான். இன்றைக்கு ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குப் பிறவியிலேயே அப்படி ஒரு மணிக்கட்டு இருந்தால், "ஸ்பின் போட்டுப் பார்" என்று சொல்ல யார் இருக்காங்க?

2010இல் மத்திய மாகாண சபை பல்லேகல மைதானத்துக்கு முரளியின் பெயரை வைக்க முடிவெடுத்தது. செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. இப்போதும் அங்கே ஆட்டம் நடந்தால் ஸ்கோர் அட்டையில் பல்லேகல என்றுதான் போடுறாங்க.