தூண் தந்த பெயர்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில், கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு முதன்முதலாகப் போகிறவர்கள் சங்கு சக்கரத்தோடு நிற்கும் திருமேனியைத் தேடுவார்கள். அங்கே நிற்பது சுமார் 12 அடி உயரமுள்ள கல்தூண். அதில் ஆஞ்சநேயர் உருவம் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஊர் வழக்கில் அது கம்பம், கம்பமே பெருமாள். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்தில் எந்த ஊர்த் திண்ணையில் பெரியவர்கள் நாலு பேர் கூடினாலும் அதில் ஒரு கலியபெருமாளோ கலியமூர்த்தியோ இருப்பார் என்றால், அதில் இந்தக் கம்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

கோயில் கதை மாட்டுப் பட்டியில் தொடங்குகிறது. சுமார் 250 ஆண்டுகளுக்கு முன்பு மங்கான் படையாட்சி என்ற குடியானவரின் சினைப்பசு ஒன்று காணாமல் போனது. தேடிப் போனவர் காட்டில் அதைக் கண்டபோது, கீழே கிடந்த ஒரு கம்பத்தின் மீது பசு பாலைச் சொரிந்துகொண்டிருந்தது. அந்தக் கம்பத்தை நிறுத்தி வழிபடத் தொடங்கினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அதனாலோ என்னவோ, இது உழவர்களின் கோயிலாகவே இருந்து வருகிறது. முதல் விளைச்சலில் ஒரு பங்கு, பட்டியில் பிறந்த கன்று, ஆட்டுக்குட்டி என்று நேர்ந்துகொண்டதைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். ராமநவமியை ஒட்டித் திருவிழா தொடங்கும். புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் கூட்டம் நெரியும்.

கன்றை நேர்ந்துவிட்டவர்கள் பிள்ளையையும் நேர்ந்துகொண்டார்கள். பிள்ளை பிறந்தால் உன் பெயரை வைக்கிறேன் என்பது வேண்டுதல். பிறந்ததும் முடியிறக்கி, காது குத்தி, பெயரையும் இட்டுவிட்டால் கடன் தீர்ந்தது. ஏட்டில் கலியபெருமாள் ஆனவன் வீட்டில் ‘கலியா’ ஆனான். வைணவ மரபில் கலியன் என்பது திருமங்கையாழ்வாரின் பெயர்களில் ஒன்று. பட்டியில் நின்று வாய்நிறையக் கூப்பிட்ட பெயர், பெருமாள் கோயில்களில் ஆழ்வார் பெயராகவும் ஒலித்தது.

இந்தப் பெயரைத் தாங்கியவர்களில் தமிழகம் முழுதும் அறிந்தவர் புலவர் கு. கலியபெருமாள். பெண்ணாடம் அருகே சௌந்திரசோழபுரத்தில் 1924-இல் பிறந்தவர்; தமிழாசிரியர்; நக்சல்பாரி இயக்கத்தில் இறங்கி மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது குறைக்கப்பட்டு, 2007 வரை வாழ்ந்தவர். தன் மகனுக்கு அவர் வைத்த பெயர் வள்ளுவன். தந்தை பெயருக்கும் மகன் பெயருக்கும் நடுவே ஒரு காலமே புரண்டு படுத்திருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் பெயர்கள் வரைந்து காட்டிய பழைய வரைபடம். ஒருவரின் பெயரைக் கேட்டால் அவர் வீட்டார் எந்தக் கோயிலுக்கு வண்டி கட்டிப் போவார்கள் என்று சொல்லிவிடலாம். கொளஞ்சி, கொளஞ்சிநாதன் என்றால் விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். இந்தப் பெயரை மதுரைக்குத் தெற்கே கேட்பது கடினம். விருத்தாசலம், விருத்தகிரி, பழமலை மூன்றும் ஒரே ஈசன் பெயர். செந்துறைப் பக்கம் குழுமூரில் பிறந்து ‘சனங்களின் கதை’ (1988) எழுதிய கவிஞர் பழமலய் பெயரில் இருப்பதும், புதுமைப்பித்தன் என்று நாம் அறியும் சொ. விருத்தாசலத்தின் பெயரில் இருப்பதும் அந்தப் பழமலைநாதர்தான். அடைக்கலம், அடைக்கலசாமி என்ற பெயர்கள் கொள்ளிடக் கரைப் பக்கம் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவை நினைவூட்டும்.

குழந்தைகள் தங்காத வீட்டில் வேறு கணக்கு. முன்பிறந்தவை இறந்துபோயிருந்தால், புதிதாகப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்புசாமி என்பார்கள்; இன்னொருவரிடம் கொடுத்துப் பிச்சையாகத் திரும்ப வாங்கிப் பிச்சை என்பார்கள். எமன் கண்ணில் படாத பெயர் வேண்டும் என்ற தாயின் பதற்றம் அது. இன்று அந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிக்கும் பிள்ளைகளுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

பெயரைக் கோயிலும் பாட்டனும் முடிவு செய்த காலத்திலும் விருப்பத்துக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. உ.வே.சாமிநாதையர் சிறுவயதில் இந்த வட்டாரத்தில்தான் திரிந்தார். அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் படித்தார். குன்னத்தில் குடும்பத்தோடு இருந்தார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பு பயின்றார். (அந்த ஆசிரியர் பெயரிலும் அதே பழமலை.) அப்போது அவர் வேங்கடராமன். பிறகு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோது, வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் கேட்க, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்ற பெயரைச் சொன்னார். அதுவே இருக்கட்டும் என்றார் பிள்ளை. தமிழ் ஏடுகளை மீட்டவரின் பெயர் அப்படி நிலைத்தது.

ஏலாக்குறிச்சியில் நடந்தது இதைவிடப் பெரிய பெயர்சூட்டு விழா. இத்தாலியில் 1680-இல் பிறந்து, இங்கே வாழ்ந்து, தைரியநாதர் என்றும் பிறகு வீரமாமுனிவர் என்றும் அழைக்கப்பட்ட பெஸ்கி, தம் ‘தேம்பாவணி’க் காப்பியத்தில் விவிலிய மாந்தருக்குத் தமிழ்ப் பெயர் தேடினார். பெயரின் ஒலியை அப்படியே கொண்டுவராமல் பொருளைப் பிடித்தார். சூசை அவர் கையில் வளன் ஆனார். திருமுழுக்கு யோவான் கருணையன் ஆனார். காப்பியத் தலைவனே வளன்தான். வளன், கருணையன் என்ற இரண்டையும் இன்று பிறக்கும் ஆண் குழந்தைக்கு இட்டுப் பாருங்கள். சின்னப் பெயர், கூப்பிட எளிது, ஏறத்தாழ 300 ஆண்டு மூப்பு, வகுப்பில் இன்னொருவன் இருக்கவும் வாய்ப்பில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் கருணையன் இருந்தும், பிள்ளைக்குப் பெயர் தேடும்போது பெற்றோர் அவனை மறந்துவிடுகிறார்கள் என்பது வருத்தமான செய்தி.

கலியபெருமாள் மகன் வள்ளுவன் ஆன கதைக்கு வருவோம். பரிதிமாற்கலைஞர், மறைமலையடிகள் வழியில் தொடங்கிய தனித்தமிழ் உணர்வு, 1940-களில் திராவிட இயக்கத்தின் கைக்கு வந்தபோது வீடுகளுக்குள் புகுந்தது. இராமையா அன்பழகன் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். அன்பழகனின் தந்தை கலியாணசுந்தரமே மணவழகர் ஆனார். தலைவர்கள் தங்கள் பெயரை மாற்றினார்கள், தொண்டர்கள் பிள்ளைகளின் பெயரை மாற்றினார்கள். பிறகு 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தது. அருள்மொழி என்ற பெயர் கல்வெட்டிலிருந்து இறங்கித் தொட்டிலுக்கு வந்ததில் அந்தத் தொடர்கதைக்கும் பங்கு இருக்கிறது.

அந்த அலையில் வந்த இளங்கோ, செழியன், அருள்மொழி எல்லாம் இன்று பெரியவர்கள் பெயர்களாகிவிட்டன. இப்போது பெயர் தேடும் இளம் பெற்றோர் நட்சத்திர எழுத்தைப் பார்க்கிறார்கள், எண்கணிதக் கூட்டுத்தொகையைப் பார்க்கிறார்கள், பிறகு ஷ, ஸ, ஜ கலந்த இரண்டு அசைக்குள் எதையோ பொருத்துகிறார்கள். யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று தேடியவர்களின் பிள்ளைகள், ஒரே வகுப்பில் ஒன்றுபோல ஒலிக்கும் பெயர்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவசரமும் ஒரு காரணம். பிறப்பைப் பதிந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. ஆனாலும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்பே முடிவெடுத்துவிடத் துடிக்கிறார்கள்.

அரிதாகவும் பழமையாகவும் பெயர் வேண்டுமென்றால் தேட வேண்டிய இடம் வேறு. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மாட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆள்பெயர்களைத் தொகுத்து 1978-இல் பெரும் அடைவாக வெளியிட்டார்கள். அரசர்களை விட்டுவிடுங்கள், நிலம் விற்றவன், விளக்குக்கு ஆடு கொடுத்தவன், சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் என ஊரில் வாழ்ந்த மனிதர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஆராய்ச்சிக்காகச் செய்த வேலை அது. தொட்டிலுக்கும் உதவும்.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். கல்லங்குறிச்சி என்ற ஊர்ப் பெயரையே நிலவியலாளர்கள் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமையுள்ள ஒரு சுண்ணாம்புப் பாறைத் தொகுதிக்கு இட்டிருக்கிறார்கள். பெயருக்கு இந்த மண்ணில் பஞ்சமே இல்லை. அரியலூருக்குத் தெற்கே கீழப்பழுவூர், மேலப்பழுவூர் கோயில் சுவர்களில், பழுவூரை ஆண்ட பழுவேட்டரையர்களின் பெயர்கள் நிற்கின்றன. ‘பொன்னியின் செல்வ’னில் வரும் பெரியவர், சின்னவர் என்ற அடையாளத்தைத் தாண்டி, கல்வெட்டில் அவர்களுக்குச் சொந்தப் பெயர்கள் உண்டு: குமரன் கண்டன், குமரன் மறவன், கண்டன் அமுதன், மறவன் கண்டன், கண்டன் மறவன். முதலாம் பராந்தகனுக்காக வேளூர்ப் போரில் நின்றவர் கண்டன் அமுதன். அமுதன் என்ற மென்மையான பெயரோடு ஒருவர் போர்முனைக்குப் போயிருக்கிறார்.

இந்தப் பெயர்களில் முன்னால் நிற்பது தந்தை பெயர், பின்னால் நிற்பது தன் பெயர். உத்தம சோழன் காலத்தில் மறவன் கண்டன். முதலாம் இராசராசன் காலத்தில் கண்டன் மறவன். மறவனின் மகன் கண்டன், கண்டனின் மகன் மறவன். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் பழுவூர் அரண்மனையிலும் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அதே வீட்டில் கண்டன் சுந்தரசோழன் என்றும் ஒருவர் உண்டு. பேரரசர் பெயரைப் பிள்ளைக்கு இடும் ஆசை, இப்போது தலைவர் பெயரை இடுவது போல, அன்றும் இருந்திருக்கிறது.

தந்தையை முன்னால் நிறுத்தும் அந்த முறை இன்னும் போகவில்லை. சுருங்கி ஓர் எழுத்தாக, இனிஷியலாக நம் பெயர்களுக்கு முன்னால் நிற்கிறது. தமிழில் பெயர் எழுதும்போது இந்த முன்னெழுத்தும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணையிட்டது. ஆகவே அரியலூரில் குமரன் என்ற பெயருள்ள ஒரு தகப்பன் தன் மகனுக்குக் கண்டன் என்று பெயரிட்டால், பள்ளிப் பதிவேட்டில் அவன் கு. கண்டன். முதலாம் ஆதித்தன் காலத்தில் பழுவூரை ஆண்டவரும் அதே கு. கண்டன்தான். கலியபெருமாள் தாத்தாவின் பேரன் அமுதன் ஆகலாம், மறவன் ஆகலாம், வளன் ஆகலாம்; தாத்தாவின் பெயரையே எடுத்துக் கலியன் என்றும் ஆகலாம். இப்போது தொட்டிலில் அதுவும் அரிய பெயர்தான்.