இருபது நாள் வாதம்

ஐரோப்பிய மறுமலர்ச்சியைப் பற்றி நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு நாள் மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள எங்கள் அருள்புரத்தில், பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவரின் மகன் அவன். "ஐயா, எதையும் ஆராய்ந்து பார்ப்பதே அறிவு என்றீர்கள். எங்கள் வீட்டில் கும்பிடுவதையும் ஆராயலாமா?" என்று கேட்டான். "அது தேர்வுக்கு வராது, உட்கார்" என்றேன். என் ஆசிரியப் பணியில் நான் சொன்ன விடைகளுள் அதனினும் தாழ்ந்தது வேறொன்று இல்லை. அவனுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய வரலாறு நம் மதுரை நகரிலேயே இருந்தது.

நம்பிக்கையும் பகுத்தறிவும் ஐயமும் ஒரு மனத்தில் கூடி வாழ இயலுமா என்பது 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவை வாட்டிய வினா. பண்டைக் கிரேக்க ஐயவாதி செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸின் நூல் ஒன்று 1562இல் இலத்தீனில் அச்சேறியது. எதையேனும் ஐயமின்றி அறிந்துவிட்டோம் என்று சொல்ல மனிதனுக்கு உரிமை உண்டா என்று அந்நூல் கேட்டது. பிரான்சு நாட்டு மோந்தேன் 1580இல் வெளியிட்ட கட்டுரைகளில் அவ்வினாவைத் தம்மீதே திருப்பிக்கொண்டார். ஆயினும் அவர் இறுதிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தார். மனித அறிவு வலுவற்றது. ஆதலின் முன்னோர் நெறியில் நிற்பதே தகும் என்பது அவர் கண்ட முடிவு. ஐயம் நாத்திகத்தில்தான் கொண்டுபோய் விடும் என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். ஆனால் எல்லோருக்கும் அத்தகைய நல்வாய்ப்பு அமையவில்லை. ஜியோர்டானோ புரூனோ என்னும் தத்துவ ஞானி 1600இல் உரோமை நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

அவ்வாண்டுகளில் இத்தாலியில் பயின்றுகொண்டிருந்தார் இராபர்ட் டி நொபிலி என்னும் இளைஞர். 1577இல் பிறந்தவர், இயேசு சபைத் துறவி. புரூனோவின் வழக்கை விசாரித்தவர்களுள் ஒருவராகிய கர்தினால் பெல்லார்மின் இவருக்கு உறவினர். 1605இல் கோவாவில் இறங்கிய நொபிலி, மறு ஆண்டு மதுரைக்கு வந்து சேர்ந்தார். காவி உடுத்து, பாதக்குறடு அணிந்து, நாளொன்றுக்கு ஒரு வேளை மரக்கறி உணவு உண்டு, தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் என்னும் பெயரோடு வாழ்ந்தார்.

மதுரையில் அவர் நடத்திய முதற்பெரும் வாதம் யாரோடு தெரியுமா? ஒரு பள்ளி ஆசிரியரோடு! இதைப் படிக்கும்போது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நான் மறைக்கப்போவதில்லை. ஏறத்தாழ இருபது நாள், நாள்தோறும் பல மணி நேரம் இருவரும் அமர்ந்து பேசினர். கடவுள் ஒருவரா, உலகம் எவ்வாறு தோன்றிற்று, உயிர் மீண்டும் பிறக்குமா என்று வாதம் நீண்டது. முற்பிறவித் தீவினையால்தான் ஒருவன் வறியவனாகவும் மற்றவன் செல்வனாகவும் பிறக்கிறான் என்பது நம் நாட்டில் ஆழ வேரூன்றிய கருத்து. நொபிலியோ மறுபிறப்பையே மறுத்தவர். அதனை எதிர்த்துப் பின்னர்த் தமிழில் தனி நூலே எழுதினார். அவர் விடைகளை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. என் கருத்தில் பதிந்தது வேறொன்று: கேட்டவரை அவர் உட்காரச் சொன்னது உண்மை, ஆனால் வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை.

வேதத்தை எடுத்தவுடன் நீட்டாமல், பகுத்தறிவால் எட்டக்கூடியவற்றை முதலில் நிறுவி, அறிவு நிற்கும் இடத்திலிருந்து இறைவெளிப்பாட்டைத் தொடங்குவது அவர் முறை. 13ஆம் நூற்றாண்டு அறிஞர் தாமஸ் அக்குவினாஸிடமிருந்து வந்த நெறி அது. ஞானோபதேசம் என்னும் அவருடைய பெரிய உரைநடை நூலில் அதனைக் காணலாம். அத்தகைய தருக்கத்தைத் தாங்கும் வண்ணம் தமிழ் உரைநடையை அவர் வளைத்ததும் சிறு செயலன்று.

பிறர் நம்பிக்கையைத் தருக்கத்தால் அலசுவது எளிது. அதே தருக்கம் தம் வீட்டு வாயிலுக்கு வரும்போதுதான் சோதனை. கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துகீசியத் துறவி, முன்னாளில் போர்வீரராக இருந்தவர், 1595 முதல் மதுரையில் பணியாற்றி வந்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் புறச்சமய அடையாளங்கள். அவற்றை ஏற்பது நம்பிக்கைக் கேடு என்று அவர் மேலிடத்திற்கு முறையிட்டார். பெல்லார்மினே முதலில் கடிந்து கடிதம் எழுதினார். நொபிலி தளரவில்லை. ஒரு வழக்கம் வழிபாட்டைச் சேர்ந்ததா, சமுதாய மதிப்பைச் சேர்ந்ததா என்று வடமொழி நூல்களைக் கொண்டே ஆராய்ந்து, 1613இல் இலத்தீனில் ஒரு விளக்க நூல் எழுதினார். 1619இல் கோவாவில் கூடிய அவையில் எதிர்ப்பே மிகுந்தது. இறுதியில் 1623 சனவரி 31ஆம் நாள், பதினைந்தாம் கிரகோரி என்னும் போப்பாண்டவர் அவ்வழக்கங்களைச் சில கட்டுப்பாடுகளோடு அனுமதித்தார். அதே ஆண்டில் நொபிலி நம் கொங்கு மண்ணுக்கும் வந்தார். சேந்தமங்கலம், சேலம் வரை பயணம் செய்தார்.

இவ்விடத்தில் ஒன்றை மழுப்பாமல் சொல்ல வேண்டும். எது நம்பிக்கை, எது வழக்கம் என்று பிரித்தெடுத்த அவருடைய சல்லடை, சாதியையும் வெறும் வழக்கம் என்றே ஒதுக்கிவிட்டது. எளிய மக்களோடு அவர் கலந்து உண்ணவில்லை. தாழ்த்தப்பட்டோரிடையே பணிபுரியப் பண்டாரசாமிகள் என்னும் தனிப்பிரிவுத் துறவிகள் 1640 வாக்கில் ஏற்பட்டனர். முற்பிறவி வினையைக் காட்டி ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் கூறுவதை மறுத்த ஒருவர், அந்த ஏற்றத்தாழ்வையே ஏன் என்று கேட்கவில்லை. மோந்தேன் மதுரைக்கு வந்திருந்தால் கேட்டிருப்பாரோ? அவரும் முன்னோர் வழக்கத்தில் நிற்கச் சொன்னவர்தாம். ஆதலின் எனக்கு அதில் ஐயம் உண்டு.

முதுமையில் நொபிலியின் கண்பார்வை ஏறக்குறைய அற்றுப்போயிற்று. யாழ்ப்பாணத்திற்கும் பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்ட அவர், தம் தமிழ் நூல்களை உடனிருந்தோர் எழுதச் சொல்லிச் சொல்லித் திருத்திக்கொண்டே இருந்தார். 1656இல் மயிலாப்பூரில் மறைந்தார்.