ஏப்ரல் 7

ஆப்பிரிக்கக் கண்டத்தில் பிரதமர் பதவியேற்ற முதல் பெண் எலிசபெத் தோமித்தியன். 1975 ஜனவரி 2 அன்று மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பிரதமராக அவரை நியமித்தவர் அதிபர் பொகாசா. தோமித்தியன் பெரிய படிப்பாளி அல்லர். விவசாயம், வியாபாரம் என்று உழைத்து மேலே வந்தவர். சாங்கோ மொழியில் பேசிக் கிராமத்துப் பெண்களைத் திரட்டத் தெரிந்தவர். நாட்டிலிருந்த ஒரே கட்சியின் துணைத் தலைவர் பதவி 1972-லேயே அவருக்குக் கிடைத்திருந்தது. 1975-ஐ ஐ.நா. சர்வதேச மகளிர் ஆண்டாக அறிவித்திருந்ததும் பொகாசாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நாற்காலி தோமித்தியனுக்கு, அதிகாரம் பொகாசாவுக்கு என்பதே ஏற்பாடு.

அந்த ஏற்பாடு பதினைந்து மாதம் தாங்கியது. குடியரசைப் பேரரசாக்கி, நெப்போலியன் பாணியில் தானே முடிசூடிக்கொள்ளும் ஆசை பொகாசாவுக்கு வந்தது. தோமித்தியன் அதற்கு உடன்படவில்லை. 1976 ஏப்ரல் 7 அன்று பதவி பறிபோனது. அடுத்த ஆண்டு டிசம்பர் 4 அன்று கழுகு வடிவ அரியணையில் பொகாசா அமர்ந்தார். விழாச் செலவு ஏறத்தாழ 2 கோடி டாலர். 1979-ல் பிரெஞ்சுப் படை வந்து அவரை இறக்கியது. வேடிக்கை என்னவென்றால், பேரரசை எதிர்த்த தோமித்தியனையும் புதிய அரசு கூண்டில் ஏற்றியது. பொகாசாவின் பணப்பறிப்பை மறைத்தார் என்று குற்றம்சாட்டிச் சிறையில் அடைத்தது. அரசியலுக்குத் திரும்பவும் தடை விதித்தது.

அதன்பின் நீண்ட இடைவெளி. 1993 ஜூலையில் அடுத்தடுத்த இரண்டு நாடுகளில், எட்டே நாள் வித்தியாசத்தில், இரண்டு பெண்கள் பிரதமரானார்கள். ஜூலை 10 அன்று புருண்டியில் சில்வி கினிகி. ஜூலை 18 அன்று ருவாண்டாவில் அகாத் உவிலிங்கியிமானா. கினிகி பொருளாதாரம் படித்தவர், துட்சி இனத்தவர். அகாத் வேதியியல் ஆசிரியை, ஹூட்டு. அக்டோபர் 21 அன்று புருண்டி அதிபர் என்டதாயேயை ராணுவத்தினர் கொன்றபோது கினிகி பிரெஞ்சுத் தூதரகத்தில் தஞ்சமடைந்தார். புதிய அதிபராக என்தாரியாமிரா பொறுப்பேற்கும்வரை, 1994 பிப்ரவரி வரை, தலையில்லாத நாட்டை அவர்தான் தாங்கிப் பிடித்தார். இதற்காகவே அவருக்குத் தனி அத்தியாயம் தரலாம். ஆனால், அகாத்தின் கடைசி இரவு அதற்கு இடம் விடுவதில்லை.

அகாத்துக்குப் பகைவர்கள் முளைத்தது பள்ளிக்கூட விவகாரத்தில். 1992-ல் கல்வி அமைச்சரானதும், இன அடிப்படையிலான ஒதுக்கீட்டு முறையை நீக்கி, மதிப்பெண்ணைப் பார்த்து மாணவர்களைச் சேர்க்கச் சொன்னார். ஹூட்டுத் தீவிரவாதிகள் அதை இனத் துரோகம் என்றார்கள். ஆயுதம் ஏந்திய ஆட்கள் வீடு புகுந்து தாக்கினார்கள். அவர் பின்வாங்கவில்லை. பிரதமரான சில வாரங்களிலேயே அதிபர் ஹாப்யாரிமானா அவரைப் பதவி நீக்கினார். மாற்று அரசு அமையாததால் காபந்துப் பிரதமராக நீடித்தார்.

1994 ஏப்ரல் 6 இரவு கிகாலி விமான நிலையத்தை நெருங்கிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஹாப்யாரிமானாவோடு இறந்த இன்னொருவர், கினிகியிடமிருந்து பொறுப்பை ஏற்று இரண்டு மாதமே ஆகியிருந்த என்தாரியாமிரா. அந்த நொடியிலிருந்து ருவாண்டாவில் சட்டப்படி மிஞ்சியிருந்த அரசு அகாத் ஒருவர்தான். அன்றிரவு ராணுவ அதிகாரிகளின் கூட்டத்தில் ஐ.நா. படைத் தளபதி ரொமெயோ டலேர் இதையே வலியுறுத்தினார். கர்னல் பகோசோரா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விடிந்ததும் வானொலியில் நாட்டு மக்களிடம் பேச அகாத் முடிவு செய்தார். அவரை அழைத்துச் செல்ல பெல்ஜிய அமைதிப்படையினர் பத்துப் பேர் வந்தார்கள். காவலுக்கு கானா வீரர்கள் ஐவர் ஏற்கெனவே இருந்தார்கள். அதிபரின் மெய்க்காவல் படை வீட்டைச் சூழ்ந்தது. அகாத் குடும்பத்தோடு மதில் தாண்டி, பக்கத்திலிருந்த ஐ.நா. பணியாளர் குடியிருப்பில் ஒளிந்தார். ஏப்ரல் 7 முற்பகலில் படையினர் அங்கும் தேடி வந்தபோது அவரும் கணவரும் வெளியே வந்தார்கள், இருவரும் கொல்லப்பட்டார்கள். அகாத்துக்கு வயது 40. ஒளித்துவைத்திருந்த ஐந்து பிள்ளைகளையும் செனகல் நாட்டு கேப்டன் எம்பாய் டியாக்னே காப்பாற்றினார். மே 31 அன்று குண்டு வெடித்து அவரும் இறந்தார். ருவாண்டா வரலாற்றில் ஒரு வீரனைத் தேடினால் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அவருடையது.

பெல்ஜிய வீரர்கள் பத்துப் பேரும் ஆயுதம் பறிக்கப்பட்டு, கிகாலி ராணுவ முகாமில் கொல்லப்பட்டார்கள். கொலையாளிகளின் கணக்கு அச்சுப் பிசகாமல் பலித்தது. பெல்ஜியம் படையைத் திரும்பப் பெற்றது. ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு சபை ஐ.நா. படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. பகோசோராவுக்கு 2008-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. பாதுகாப்பு சபையை விசாரிக்கத் தீர்ப்பாயம் எதுவும் அமையவில்லை.

அதே தேதி பதினெட்டு ஆண்டுகள் கழித்து மலாவியில் வந்தது. 2012 ஏப்ரல் 5 அன்று அதிபர் முத்தாரிக்கா மாரடைப்பால் இறந்தார். துணை அதிபர் ஜாய்ஸ் பாண்டா, கட்சியிலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சி கண்டவர். அதிபரின் உடலைச் சிகிச்சைக்கென்று தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, பாண்டா பதவிக்கு வர முடியாது என்று அமைச்சர்கள் பேட்டி கொடுத்தார்கள். பாண்டா ராணுவத் தளபதி ஒடில்லோவைத் தொலைபேசியில் அழைத்தார். தளபதி அரசியல் சட்டத்தின் பக்கம் நின்றார். பாண்டாவின் வீட்டைச் சுற்றிப் படையினர் காவலுக்கு நின்றார்கள். ஏப்ரல் 7 அன்று அவர் அதிபராகப் பதவியேற்றார். துணிச்சலில் அகாத் இவருக்கு எள்ளளவும் குறைந்தவர் அல்லர். கிகாலியில் வீட்டைச் சூழ்ந்த படை கொல்ல வந்தது, லிலாங்வேயில் வந்தது காக்க.