கல் குடிசை, மண் குடிசை, புல் குடிசை

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் ஐந்து ரதங்களில் உயரமான தர்மராஜ ரதத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வடக்கு ஓரத்தில் சின்னதாக ஒன்று நிற்கும். திரௌபதி ரதம். அதற்கு மாடி கிடையாது, தூண் வரிசை கிடையாது. நான்கு பக்கமும் வளைந்து இறங்கும் கூரை, ஒரு வாசல், உள்ளே துர்க்கை. அவ்வளவுதான். பார்த்தவுடனே தெரிந்துவிடும், அது ஒரு கூரை வீடு! கல்லில் செய்த கூரை வீடு.

கி.பி. 7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில் ஒரே பாறையைக் குடைந்து இதைச் செய்தார்கள் என்று சொல்வார்கள். ஓலையும் மூங்கிலும் மண்ணும் வைத்துக் கட்டிய ஒரு வீட்டை ஏன் கல்லில் நகல் எடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் மாமல்லபுரத்திலிருந்து முட்டுக்காடு வழியாக ஐஸ்லாந்து, கனடா வரை போக வேண்டியிருக்கிறது.

பாறையில் உறைந்த கூரை

நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குடைவரைக் கோயில் அமைத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மாவுக்கும் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் இந்தக் கோயிலைச் செய்ததாக அங்கே உள்ள கல்வெட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். இதைத் திருப்பிப் படித்தால் ஒரு விஷயம் புரியும். அதுவரை கட்டிடம் என்றால் செங்கலும் மரமும் சுண்ணாம்பும்தான். அவை அழிந்துபோகும் பொருட்கள். அழியாத பொருளுக்கு மாறியபோது சிற்பிகள் புது வடிவத்தைக் கண்டுபிடிக்கவில்லை. பழகிய வடிவத்தை அப்படியே கல்லுக்கு மாற்றினார்கள்.

பீம ரதத்தைப் பாருங்கள். நீளமான வண்டிக்கூண்டு மாதிரி கூரை. மூங்கிலை வளைத்துக் கட்டி மேலே புல் வேய்ந்தால் இந்த வடிவம் தானாக வரும். நீலகிரியில் தோடர்களின் பாரம்பரிய வீடு இன்றைக்கும் இந்த ஜாடையில்தான் இருக்கிறது. நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கம் யானையின் முதுகு மாதிரி வளைந்திருக்கும். இதைத் தமிழில் தூங்கானை மாடம் என்பார்கள். கோயில் விமானங்களில் வரிசையாக வரும் கூடு என்ற குதிரை லாட வடிவ அலங்காரமும் வளைந்த மரக்கூரையின் முகப்பிலிருந்து வந்ததுதான்.

ஆக, மாமல்லபுரத்தில் கூரையின் உருவம் இருக்கிறது. ஆனால் அந்த உருவத்துக்கு அச்சாக இருந்த வீடு ஒன்றுகூட இல்லை. 1300 வருட மழையில் மண் மண்ணோடு போய்விட்டது. சுவரை எப்படி எழுப்பினார்கள், ஓலையை எந்த முடிச்சில் கட்டினார்கள் என்று கல் சொல்லாது.

தரை மட்டும் மிஞ்சிய ஊர்

இதற்கு நேர் எதிரான ஒரு கதை கனடாவில் இருக்கிறது. 1960-ல் நார்வேயைச் சேர்ந்த ஹெல்கே இங்ஸ்டாட் என்பவர் நியூஃபவுண்ட்லாந்து தீவின் வடக்கு முனையில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற மீனவ கிராமத்துக்குப் போனார். ஊர்க்காரர் ஒருவர் புல் மூடிய சில மேடுகளைக் காட்டினார். இங்ஸ்டாடின் மனைவி ஆன் ஸ்டைன் தொல்லியல் அறிஞர். அவர் தலைமையில் 1961 முதல் தோண்டினார்கள். கிடைத்தது வைக்கிங்குகளின் குடியிருப்பு! மொத்தம் எட்டுக் கட்டிடங்கள். கொலம்பஸுக்கு ஏறக்குறைய 500 வருடம் முன்னாலேயே ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கண்டத்தை மிதித்ததற்கு அசைக்க முடியாத சாட்சி. அங்கே கிடைத்த மரத்துண்டுகள் கி.பி. 1021-ல் வெட்டப்பட்டவை என்று 2021-ல் வெளியான ஆய்வு துல்லியமாகச் சொன்னது.

அந்த வீடுகள் புல்கட்டி வீடுகள். ஈரமான புல்வெளியை வேரோடு, மண்ணோடு பாளம் பாளமாக வெட்டி எடுத்து, செங்கல் அடுக்குவது போல அடுக்குவார்கள். உள்ளே மரச்சட்டம், வெளியே தடிமனான புல்கட்டிச் சுவர், மேலேயும் புல்கட்டி. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போது சுவர் இறுகும். ஐஸ்லாந்தில் பெரிய மரங்கள் குறைவு, குளிர் அதிகம். அந்த ஊருக்கு இது பொருத்தமான வீடு. நம் ஊர் மண் சுவர் வெயிலைத் தடுக்கிறது. அவர்கள் ஊர் புல்சுவர் குளிரைத் தடுக்கிறது. வேலை ஒன்றுதான்.

லான்ஸ் ஓ மெடோஸில் தோண்டிப் பார்த்த இடத்தைப் பாதுகாப்பதற்காகத் திரும்ப மூடிவிட்டு, பக்கத்திலேயே மூன்று கட்டிடங்களை நகலாகக் கட்டினார்கள். இங்கேதான் சிக்கல். தோண்டியபோது தெரிந்தது தரை, அடுப்பு, சுவரின் அடித்தடம் மட்டுமே. கூரை எவ்வளவு உயரம், எந்தச் சரிவு, எப்படிக் கட்டினார்கள் என்பதெல்லாம் அனுமானம். அந்த அனுமானத்துக்குக் கை கொடுத்தது ஐஸ்லாந்து. அங்கே 20-ம் நூற்றாண்டு வரைக்கும் மக்கள் புல்கட்டி வீடுகளில் குடியிருந்தார்கள். கட்டத் தெரிந்த கைகள் உயிரோடு இருந்தன.

ஐஸ்லாந்திலும் இதே மாதிரி ஒரு நகல் உண்டு. ஹெக்லா எரிமலையின் சாம்பலில் புதைந்த ஸ்டோங் என்ற பண்ணை வீட்டின் அடித்தளத்தை 1939-ல் தோண்டி எடுத்தார்கள். தீவில் மக்கள் குடியேறி 1100 வருடம் ஆனதை 1974-ல் கொண்டாடியபோது, அந்த அளவுகளை வைத்து முழு வீட்டையும் புதிதாகக் கட்டத் தொடங்கி 1977-ல் முடித்தார்கள்.

ஒரு இடத்தில் கூரை இருக்கிறது, வீடு இல்லை. இன்னொரு இடத்தில் தரை இருக்கிறது, கூரை இல்லை. இரண்டையும் முழுமையாக்கக்கூடியது ஒன்றுதான். தெரிந்த கை.

முட்டுக்காட்டு வீடுகள்

மாமல்லபுரத்திலிருந்து சென்னைக்குத் திரும்பும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், 30 கி.மீ.க்குள், செங்கல்பட்டு மாவட்டம் முட்டுக்காட்டில் இருக்கிறது தட்சிணசித்ரா. அமெரிக்காவில் பிறந்து சென்னையில் குடியேறிய டெபோரா தியாகராஜன் 1984-ல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் உருவாக்கிய இடம் இது. 10 ஏக்கர். 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். திட்டத்தை வடிவமைக்க உதவியவர் லாரி பேக்கர். செலவைக் குறைத்து, அந்தந்த ஊர்ப் பொருளை வைத்து வீடு கட்டுவதற்காகவே பெயர் பெற்றவர். வேலையைக் கொண்டு செலுத்தியவர் அவரிடம் பயின்ற பென்னி குரியாகோஸ்.

இந்த மாதிரித் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு முன்னோடி, 1891-ல் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹாசெலியஸ் திறந்த ஸ்கான்சென். ஊர் ஊராகப் பழைய வீடுகளை வாங்கி, பிரித்து, கொண்டு வந்து மறுபடி நிறுத்துவதுதான் முறை. தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடும் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடும் அப்படி வந்தவைதான். மரத்தைப் பிரிக்கலாம், எண் போடலாம், லாரியில் ஏற்றலாம். கேரளத்துத் தச்சர் கையில் கொடுத்தால் மறுபடி பொருத்திவிடுவார்.

மண் வீட்டை என்ன செய்வது? பிரித்தால் மண் குவியல்தான் மிஞ்சும்! ஆந்திரக் கடலோரம் விசாகப்பட்டினம் பக்கத்தில் வட்டமாகக் கட்டும் மண் வீட்டைச் சுட்டில்லு என்பார்கள். சுற்றி வரும் வீடு என்று அர்த்தம். புயல் அடிக்கிற கடற்கரைக்கு ஏற்ற வீடு. வட்டச் சுவரில் காற்று மோதி நிற்க மூலை இல்லை, வழுக்கிக்கொண்டு போய்விடும். கூரை கிட்டத்தட்டத் தரை வரை இறங்குவதால் மழைச் சாரல் சுவரைத் தொடாது. முட்டுக்காட்டில் இந்த வீடும் நிற்கிறது. இதை எடுத்து வர முடியாது. மறுபடி கட்டத்தான் முடியும்.

மண் சுவர் வைப்பது பார்க்கச் சுலபம். செய்வது கஷ்டம். மண்ணில் களி அதிகமானால் காயும்போது வெடிக்கும், மணல் அதிகமானால் உதிரும். வைக்கோலை நறுக்கிப் போட்டு, தண்ணீர் விட்டு, காலால் மிதித்துப் புளிக்க வைக்க வேண்டும். ஒரு நாளில் முழுச் சுவரையும் எழுப்ப முடியாது. ஒன்று ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு படை வைத்து, அது காய்ந்த பிறகுதான் அடுத்த படை. அவசரப்பட்டால் அடிச்சுவர் பிதுங்கிவிடும். எவ்வளவு காய்ந்தால் போதும் என்று அளக்க மீட்டர் கிடையாது. விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். இந்த விரல் கணக்கு எந்தப் புத்தகத்திலும் முழுசாக இல்லை.

செலவுக் கணக்கு

இங்கே ஒரு கணக்கு பார்க்க வேண்டும். கான்கிரீட் வீட்டுக்கு மூலதனச் செலவு அதிகம், வருடாந்திரச் செலவு குறைவு. மண் வீட்டுக்கு நேர் எதிர். கட்டும்போது கைச்செலவு கம்மி. ஆனால் தென்னங்கீற்றை ஓரிரு வருடத்தில் மாற்ற வேண்டும். பனையோலை இன்னும் சில வருடம் தாங்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சுவரைப் பூச வேண்டும், தரையைச் சாணியால் மெழுக வேண்டும். தேய்மானம் என்பது அங்கே ஏட்டில் எழுதும் எண் இல்லை, ஒவ்வொரு வருடமும் கண்ணுக்குத் தெரிவது.

பழைய கிராமத்தில் இந்தச் செலவு எந்த நோட்டிலும் ஏறவில்லை. மண் ஏரியிலிருந்து வந்தது, ஓலை பனையிலிருந்து வந்தது, உழைப்பு வீட்டுப் பெண்களிடமிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வந்தது. அதற்குக் கூலி போட்டிருந்தால் மண் வீட்டை யாரும் மலிவு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நகல் வீட்டில் குடியிருப்பவர் இல்லை. அதனால் மெழுகுவதற்கும் வேய்வதற்கும் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். ஏழையின் வீடாக இருந்தது அருங்காட்சியகத்தில் செலவு பிடிக்கும் வீடாகிறது! ஐஸ்லாந்துப் புல்கட்டி வீட்டுக்கும் இதே விதிதான்.

தீயும் கூரையும்

கூரை வீட்டைப் பற்றி அழகாக எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையல் செய்த கீற்றுக் கொட்டகையில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு உத்தரவிட்டது. குடிசைப் பகுதிகளில் கோடைக்குக் கோடை தீ என்பது தமிழ்நாட்டில் பழைய செய்தி. மழைக்காலத்தில் ஒழுகும், பாம்பு வரும், புயலுக்குக் கூரை பறக்கும்.

அதனால் குடிசையில் இருப்பவர் கான்கிரீட் வீடு கேட்பது ஆடம்பரம் இல்லை. 2010-ல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் என்ற பெயரில், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டுவதாக அறிவித்தது. செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, சுற்றுலாப் பேருந்துகள் போகிற சாலைக்குச் சற்று உள்ளே தள்ளி, இருளர் குடும்பங்கள் பலகாலம் குடிசைகளில் வாழ்ந்து வந்திருக்கின்றன. டிக்கெட் வாங்கிக் குடிசையைப் பார்க்கிறவருக்கும், மழையில் குடிசையில் படுக்கிறவருக்கும் அது ஒரே பொருள் இல்லை. பாரம்பரியத்தைக் காப்பாற்றுவதற்காக நீங்கள் குடிசையிலேயே இருங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஐஸ்லாந்துக்காரர்களும் இதைத்தான் செய்தார்கள். ஈரமும் இருட்டும் நிறைந்த புல்கட்டி வீட்டை வறுமையின் அடையாளமாக நினைத்தார்கள். 20-ம் நூற்றாண்டில் வேகவேகமாகக் கான்கிரீட்டுக்கு மாறினார்கள். ஆனால் மொத்தமாகக் கைவிடுவதற்குள் க்லவும்பேர் போன்ற சில பண்ணை வீடுகளை அவர்களுடைய தேசிய அருங்காட்சியகம் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. புல்கட்டி வெட்டும் கலை அந்த வீடுகளைப் பழுது பார்க்கிற சாக்கில் பிழைத்திருக்கிறது.

நகல் எதற்கு?

நகல் வீட்டின் பயன் இங்கேதான் தெரிகிறது. வீட்டைக் காட்டுவது பாதி வேலை. மீதிப் பாதி, வேலை தெரிந்தவருக்கு வேலை கொடுப்பது. கூரை மாற்ற வேண்டிய ஒவ்வொரு முறையும் ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுத் தர ஒரு வாய்ப்பு. மாமல்லபுரத்தில் சிற்பக்கலைக்கு 1957 முதல் அரசு கல்லூரி இருக்கிறது. கூரை வேய்வதை அப்பாவிடமிருந்தோ மாமனிடமிருந்தோதான் கற்க வேண்டும். அவர் விட்டுவிட்டால் அதோடு சரி.

மண்ணும் பழைய இடத்திலேயே நிற்கவில்லை. ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டுமான நிறுவனம், மண்ணோடு சிறிதளவு சிமெண்ட் கலந்து அழுத்திய கற்களில் மாடி வீடுகளே கட்டிக் காட்டியிருக்கிறது. தீயும் பிடிக்காது, மழைக்கும் கரையாது. இதற்கும் அடிப்படை, எந்த மண் பிடிக்கும், எந்த மண் வெடிக்கும் என்ற அதே பழைய அறிவுதான்.

திரௌபதி ரதத்தைச் செய்த சிற்பிக்குக் கூரை வீட்டைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இருந்திருக்காது. தலையைத் திருப்பினால் நான்கு பக்கமும் இருந்திருக்கும். அடுத்த தலைமுறைக்கு அந்த வசதி இருக்காது. இருக்கவும் வேண்டாம், எல்லோருக்கும் ஒழுகாத வீடு கிடைக்கட்டும். ஆனால் கல்லைப் பார்த்து "இது எதன் நகல்?" என்று ஒரு குழந்தை கேட்டால், அரை மணி நேரப் பயணத்தில் கூட்டிப்போய்க் காட்ட ஒரு வீடும், அதன் கூரையை மாற்றத் தெரிந்த ஒரு ஆளும் மிஞ்ச வேண்டும். வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டால், இரண்டு மழைக்காலத்தில் வீடும் போய்விடும்.